காண்டீபன் எழும்பட்டும்

இதில இருக்கலாமோ பிள்ளை? நான் பின்னால இருந்த சீற்றும் மற்றதுகளும் நனைஞ்சு கிடக்கு, மேல எங்கையோ ஒழுகுது. நீங்கள் தமிழ்தானே? போனில கதைச்சது காதில விழுந்தது. ஒட்டுக்கேக்கேல்லை, விழுந்தது. தமிழ்நாடோ, எந்தப் பக்கம்? திருநெல்வேலி. நல்லது. ஆஸ்பத்திரியில நேர்ஸாக்கும். இந்த பஸ் கார்டிஃப் போய்ச்சேர ஒண்டரை மணித்தியாலம் செல்லும். ஒவ்வொரு ஊருக்குள்ளயும் பூந்து பூந்துதான் போவான்.

நான் யாழ்ப்பாணம். பேர் இரத்தினசபாபதி. வேல்ஸ்காரருக்கு அது வாயில வராது, றட்ணா எண்டுதான் கூப்பிடுவினம். நீங்கள் ஏறினதுக்கு முதல் ஊரில, மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு கடை இருக்கெல்லோ, பாலும் பாணும் பேப்பரும் விக்கிற கடை, அது என்ர. இருவது வருசமா அதுக்குள்ளதான் கிடக்கிறன். மனிசி கண்ணை மூடி நாலு வருசம். மகள் மயூரதி, இருவத்தஞ்சு வயசு, பார்மசியில வேலை. அவள் என்னோட கதைச்சு அஞ்சு மாசமாகுது.

ஏன் எண்டு நீங்கள் கேக்கேல்லை. ஆனால் சொல்லப்போறன். நீங்கள் என்னையும் அறியமாட்டியள், அவளையும் அறியமாட்டியள், அதால ஒரு பக்கமும் சாயாமல் கேப்பியள். நான் பிழை விட்டனோ, இல்லையோ? கேட்டுப்போட்டுச் சொல்லுங்கோ.

எங்கட ஊரில நெஸ்டா எண்டு ஒரு அம்மா. ரிட்டயராப்போன தலைமை ரீச்சர். எழுவத்தாறு வயசு, ரெண்டு முழங்காலும் வருத்தம், வாய்க்கு மட்டும் ஒரு வருத்தமும் இல்லை. இந்த வேல்ஸ்காரருக்கு முந்தி எங்கட பாணர், புலவர் மாதிரி ஒரு கூட்டம் இருந்ததாம், ராசாக்களுக்குப் பாடின ஆக்கள். அந்த வழியில ஊருக்கு ஊர் வருசா வருசம் கவிதைப் போட்டி வச்சு, வெண்ட ஆளை ஒரு கதிரையில இருத்தி மரியாதை செய்யிறவை. எங்கட ஊரில நிலக்கரிச் சுரங்கம் மூடினதோட அதுவும் நிண்டுபோச்சு. வேலை போக சனம் போச்சு. மிஞ்சின சனத்தில அரைவாசிக்கு அவையின்ர பாசையே வாயில இல்லை. அதைத் திருப்பி நடத்திக் காட்டுறன் எண்டு நெஸ்டா ஒற்றைக்காலில நிண்டா. அந்த முழங்காலோட.

நாலு வருசம் பாடுபட்டா. செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை மண்டபத்தில வகுப்பு, வந்தது ஆறு பேர். பழைய யன்னல் சீலையளை வெட்டி அங்கி தைச்சினம். தீயணைப்புப் படையில இருந்த ஒருத்தர் ஊதுகுழல் ஊத வந்தார். வாள் நாடகக்காரரிட்ட இரவல். கதிரை மட்டும் உள்ளூர்த் தச்சர் புதுசாச் செய்து குடுத்தார், நல்ல ஓக் மரம். நான் செய்தது என்னெண்டால் கடைக் கண்ணாடியில நோட்டீஸ் ஒட்ட விட்டது. எனக்குள்ள சிரிப்பும்தான். எங்கட ஆக்கள் லண்டனில கோயில் கட்டித் தேர் இழுக்கேக்க இந்த வெள்ளையள் பாத்துச் சிரிச்சிருக்குங்கள்தானே, இப்ப என்ர முறை எண்டு நினைச்சன்.

அந்தச் சடங்கைக் கொஞ்சம் விளங்கப்படுத்தவேணும், இல்லாட்டி மிச்சம் உங்களுக்குப் பிடிபடாது. கவிதை குடுக்கிற ஆள் தன்ர சொந்தப் பேரைப் போடக்கூடாது. ஒரு புனைபேர் போட்டுத்தான் குடுக்கவேணும். வெண்ட ஆளுக்கு ரகசியமா அறிவிப்பினம், ஆனால் அந்த ஆள் பெத்த தாய்க்கும் மூச்சு விடக்கூடாது. விழா அண்டைக்கு மண்டபத்தை இருட்டாக்கி, ஊதுகுழல் ஊதி, மேடையில நிண்டு அந்தப் புனைபேரைச் சொல்லி, எழும்பட்டும் எண்டு கூப்பிடுவினம். மூண்டு தரம். அந்த ஆள் கூட்டத்துக்க எழும்ப, லைற் அடிப்பினம். அங்கி போட்ட ரெண்டு பேர் வந்து கையில பிடிச்சு மேடைக்குக் கொண்டு போவினம். கதிரையில இருத்தி, தலைக்கு மேல வாளைப் பிடிச்சு, உறையில இருந்து பாதி உருவி, சமாதானமோ எண்டு கேப்பினம். சனம் சமாதானம் எண்டு கத்தவேணும். அதுவும் மூண்டு தரம். சனம் ஓம் எண்ட பிறகுதான் வாள் உறைக்குள்ள போகும், கவிக்கு மரியாதை நடக்கும்.

இவ்வளவும் எனக்கு இப்ப தெரியும். பிறகு நெஸ்டா கடையில வச்சு ஆறுதலாச் சொல்லித் தந்தவ. அண்டைக்கு எனக்கு ஒரு இழவும் தெரியாது. அதை நல்லா ஞாபகம் வச்சிருங்கோ.

மகளுக்கு அந்தப் பாசை எப்பிடி வந்தது எண்டு நினைக்கிறியள்? என்ர புத்திசாலித்தனம்தான். வந்த புதுசில கடைக்குக் கிட்ட இருந்த பள்ளிக்கூடத்தில கொண்டுபோய்ச் சேத்தன். ஆறு மாசத்துக்குப் பிறகுதான் தெரியுது, அதில எல்லாப் பாடமும் வெல்ஷில. எல்லாப் பள்ளிக்கூடமும் இங்கிலீஸ்தான் எண்டு நான் நினைச்சிட்டன். மாத்துவம் எண்டால் பிள்ளை அழுகிறாள், சினேகிதப் பிள்ளையள் அங்கையாம். சரி கிட எண்டு விட்டன். அவள் அதில கவிதை எழுதுற அளவுக்கு வருவாள் எண்டு ஆர் கண்டது.

இனிச் சொல்லப்போறதை நான் இந்த நாட்டில ஒருத்தருக்கும் சொன்னதில்லை. எனக்கு ஒரு மகனும் இருந்தவன். இருக்கிறான். பாத்தியளோ, சொல்லத் தொடங்கவே சறுக்குது.

பேர் காண்டீபன். மூத்தவன். இவள் பிறக்கேக்க அவனுக்குப் பதினேழு வயசு. இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒரு தங்கச்சி எண்டு சந்தோசம் அவனுக்கு, தூக்கின கையால கீழ விடமாட்டான். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, ஒரு பின்னேரம் ரியூசனுக்கு எண்டு சைக்கிளில போனான். வரேல்லை. இயக்கத்துக்குப் போட்டான் எண்டு சில பேர் சொல்லிச்சினம். சென்றியில ஆமிக்காரர் பிடிச்சவங்கள் எண்டு சில பேர். சைக்கிள்கூடக் கிடைக்கேல்லை. நானும் மனிசியும் ஏறாத காம்ப் இல்லை, கேக்காத ஆளில்லை.

ரெண்டு கிழமையால ஆமி ஊரைச் சுத்தி வளைச்சுது. எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்தில வெயிலுக்க இருத்திப்போட்டு, லிஸ்ற் வச்சுப் பேர் வாசிக்கிறாங்கள். பேர் வாசிச்சால் எழும்பவேணும். எழும்பினால் ரெண்டு பக்கத்தாலயும் ரெண்டு பேர் வந்து கையில பிடிச்சுக் கொண்டு போவாங்கள். அப்பிடிக் கொண்டுபோன ஆக்களில திரும்பி வந்ததை விரல் விட்டு எண்ணலாம். அந்த லிஸ்றில காண்டீபன் எண்டு வாசிச்சான். மூண்டு தரம் வாசிச்சான். பிறகு, அவன்ர தகப்பன் ஆர் எண்டு கேட்டான்.

நான் எழும்பி, மாத்தயா எண்டு சிங்களத்தில கெஞ்சி, அப்பிடி ஒருத்தரும் எங்கட வீட்டில இல்லை, எனக்கு ஒரு பிள்ளைதான், இவள்தான் எண்டு மனிசியின்ர மடியில கிடந்தவளைத் தூக்கிக் காட்டினன். மனிசி என்னைப் பாத்தாள். அண்டு வீட்ட வந்து அவன்ர படம் எல்லாத்தையும் அடுப்பில போட்டன். பள்ளிக்கூடச் சேட்டிபிக்கற், கொப்பி, எல்லாம். என்ன செய்யிறது? கைக்குழந்தை இருக்கு. திருப்பி வந்து வீட்டைச் சோதிச்சால்?

பிறகு ஏஜென்சி பிடிச்சு இந்த நாட்டுக்கு வந்தம். அகதி விசாரணையில எத்தினை பிள்ளையள் எண்டு கேட்டாங்கள். ஏஜென்சிக்காரன் முதலே சொல்லித் தந்தவன், மகன் காணாமல் போன கதை எடுத்தால் இயக்கக் குடும்பம் எண்டு திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்டு. ஒரு பிள்ளை எண்டன். எழுதினாங்கள். ஒருக்காச் சொல்லிட்டால் பிறகு அதிலயே நிக்கவேணும்தானே. வீட்டுக்குள்ளயும் அவன்ர பேர் எடுக்கக்கூடாது எண்டு மனிசிக்குச் சொல்லிவச்சன். அவளும் எடுக்கேல்லை எண்டுதான் நான் நினைச்சுக்கொண்டிருந்தன். நான் கடையில நிக்கேக்க குசினிக்குள்ள சமைச்சுச் சமைச்சு அவள் மகளுக்கு எல்லாம் சொல்லி இருக்கிறாள். வருசக்கணக்காச் சொல்லி இருக்கிறாள்.

சரி, விழாவுக்கு வாறன். போன மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். மயூரதி வந்து, அப்பா, கடையைப் பூட்டுங்கோ, நீங்கள் கட்டாயம் வரவேணும் எண்டாள். சனிக்கிழமை கடை பூட்டுறதோ எண்டு சத்தம் போட்டன். விடேல்லை. தாயின்ர கூறைச்சீலையை உடுத்திருந்தாள். என்ன பிள்ளை, கலியாணமோ எண்டு பகிடி விட்டன். சிரிச்சாள். அவள் அப்பிடிச் சிரிச்சு நான் கனகாலம் காணேல்லை.

மண்டபம் நிறையச் சனம். எனக்கே ஆச்சரியம். முன்னுக்கு ரெண்டாம் வரிசையில என்னை இருத்தி, பக்கத்தில இருந்தாள். அவள்ர கை ஐஸ்கட்டி. குளிருதோ எண்டு கேட்டன், இல்லையாம். பிள்ளையள் பாடிச்சினம், ஆரோ வீணை மாதிரி ஒண்டு வாசிச்சினம், எனக்கு நித்திரை தூங்குது. திடீரெண்டு லைற் எல்லாத்தையும் நூத்திட்டினம். கும்மிருட்டு. ஊதுகுழல் ஊதுது. மேடையில அங்கியளோட ஒரு கூட்டம், நடுவில ஒருத்தன் வாளோட நிக்கிறான். ஒரு கிழவர் பேப்பரைப் பிடிச்சு ஏதோ வாசிக்கிறார், எனக்கு ஒரு சொல்லு விளங்கேல்லை. விளங்காத பாசையில ஒருத்தன் பேப்பர் பாத்து வாசிக்கிறதைக் கேட்டு எனக்கு முன்னமே பழக்கம், பிள்ளை.

கடைசியா அவர் ஒரு பேரைச் சொன்னார். காண்டீபன்.

காது பிழை எண்டு நினைச்சன். அந்தப் பேரைப் பிறத்தி மனிசர்ர வாயால கேட்டு இருவத்தஞ்சு வருசம். திரும்பவும் ஊதுகுழல். திரும்பவும் காண்டீபன். எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாக்கினம். பக்கத்தில இவள் எழும்பப்பாக்கிறாள். நான் அவள்ர கையை இறுக்கிப் பிடிச்சு, இரு பிள்ளை, எழும்பாதை, அசையாதை எண்டு இழுத்து இருத்திப்போட்டன். அப்பா விடுங்கோ எண்டு ஏதோ சொன்னவள். எனக்குக் கேக்கேல்லை. எனக்கு வெயில் சுடுது, பிள்ளை. அந்த மண்டபத்துக்குள்ள எனக்குத் தலையில வெயில் சுடுது.

மூண்டாம் தரம் கூப்பிட்டாங்கள். இனித் தகப்பனைக் கேப்பாங்கள், எனக்குத் தெரியும். அதுக்கு முதல் நானே எழும்பினன். எழும்பி, அப்பிடி ஒருத்தரும் இல்லை எண்டு இங்கிலீசில கத்தினன். ஆனால் எழும்பின ஆள்தானே கவி. நான் எழும்பவும் லைற் வந்து என்ர முகத்தில விழுந்துது, சனம் கை தட்டின தட்டில நான் கத்தினது ஒருத்தருக்கும் கேக்கேல்லை. கடைக்கார றட்ணா கவிதை எழுதி வெண்டிட்டான் எண்டு அதுகளுக்கு ஆனந்தம். எழும்பி நிண்டு தட்டுதுகள். ரெண்டு பக்கத்தாலயும் ரெண்டு பேர் வந்து கையில பிடிச்சினம்.

அதில ஒருத்தன் எங்கட போஸ்ற்மன். ஒவ்வொரு நாளும் காலமை எனக்குக் கடிதம் தந்து, வெதர் கதைச்சிட்டுப் போற மனிசன். அந்த அங்கிக்குள்ள எனக்கு அவனைத் தெரியேல்லை. மேடைக்குக் கொண்டுபோய்க் கதிரையில இருத்தினாங்கள். வாள் தலைக்கு மேல வந்துது. பாதி உருவின சத்தம் கேட்டுது. கிழவர் பெரிசாக் கேக்கிறார், சனம் பெரிசாக் கத்துது. திரும்பவும் கேக்கிறார், திரும்பவும் கத்துது. சமாதானமோ எண்டுதான் கேட்டவையாம். அது எனக்கு எப்பிடித் தெரியும்? நான் கதிரையால விழுந்து முழங்காலில நிண்டு கும்பிட்டன். மாத்தயா, மம முக்குத் களே நே, மாத்தயா. சிங்களம் பிள்ளை. நான் ஒண்டும் செய்யேல்லை ஐயா எண்டு அர்த்தம். இருவத்தஞ்சு வருசமா வாயில வராத பாசை அப்பிடியே வந்து கொட்டுது.

கிழவர் மூண்டாம் தரம் கேக்கேல்லை. மயூரதி மேடைக்கு ஓடி வந்து என்னைத் தூக்கி இருத்தினாள். பிறகு நிமிந்து நிண்டு, சனத்தைப் பாத்து, அவையின்ர பாசையில ஏதோ சொன்னாள். எனக்கு விளங்கினது ஒரு சொல்லுத்தான். காண்டீபன். இவர் என்ர அப்பா, காண்டீபன் என்ர அண்ணா எண்டு சொன்னவளாம்.

நான் என்ன செய்திருக்கவேணும்? சொல்லுங்கோ. அத்தினை பேருக்கு முன்னால, போட்டோக்காரனும் நிக்கிறான், பேப்பரில வரும். மைக் கிட்டத்தான் இருந்தது. இவளுக்குத் தமையன் இல்லை, எனக்கு ஒரு பிள்ளைதான் எண்டு இங்கிலீசில சொன்னன். வடிவாச் சொன்னன், எல்லாருக்கும் கேட்டுது.

நெஸ்டா லைற்றைப் போடச்சொன்னா. அவவின்ர நாலு வருசத்துப் பாடு அந்த மட்டில முடிஞ்சுது. அந்த அம்மா என்னை ஒரு சொல்லு ஏசேல்லை. கோட்டை எடுத்துப் போத்திவிட்டு, காருக்குக் கூட்டிக்கொண்டு போனா. ஏசி இருந்தால் எனக்குச் சுகமா இருந்திருக்கும்.

வீட்ட வந்து தேத்தண்ணி போட்டன். மயூரதி கூறைச்சீலையோடயே குசினிக் கதவில சாஞ்சு நிக்கிறாள். சொன்னாள், அப்பா, அண்ணாவைக் காணேல்லை எண்டுதான் நான் எழுதினனான். நீங்கள் இல்லை எண்டு சொல்லிப்போட்டியள். அவ்வளவுதான். அழேல்லை, கத்தேல்லை. விடிய வெளிக்கிட்டுட்டாள். பக்கத்து ஊரில றூம் எடுத்திருக்கிறாளாம். போன் எடுத்தால் எடுக்கிறாள் இல்லை.

எனக்கும் கோவம் இருக்குத்தான். நான் ஆருக்காகச் சொன்னனான்? இவளைக் காப்பாத்தத்தானே அண்டைக்கும் இண்டைக்கும் சொன்னனான். எத்தினையோ பேர் உலகத்தில இருக்கு, புனைபேர் வைக்க இவளுக்கு அதுதானோ கிடைச்சுது? என்னட்ட ஒரு சொல்லு கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் வேண்டாம் எண்டிருப்பன், அது வேற.

போகேக்க மேசையில ஒரு ஃபோம் வச்சிட்டுப் போனாள். தாய் செத்ததில இருந்து அதைக் கொண்டு என்ர பின்னால திரிஞ்சவள். கார்டிஃப்ல ஒரு அலுவலகம் இருக்காம், சண்டையில காணாமல் போன ஆக்களைத் தேடிக் குடுக்கிறவை. தாய் தேப்பனில ஒருத்தர் கையெழுத்து வைச்சால்தான் எடுப்பினமாம். நாலு வருசமா நான் வைக்கேல்லை. பழைய விசாரணையில பொய் சொன்னது வெளிய வந்தால் சிற்றிசன் பறிபோகும் எண்டு ஒருத்தர் என்னை நல்லா வெருட்டி வச்சிருக்கிறார். அந்த ஃபோம் அஞ்சு மாசம் சீனிப் போத்திலுக்குக் கீழ கிடந்தது. காலமை பின்னேரம் சீனி எடுக்கேக்கயெல்லாம் அதைத் தூக்கித் தூக்கி வச்சன்.

போன கிழமை எடுத்து எழுதத் தொடங்கினன். பேர், பிறந்த திகதி, உயரம், தழும்பு, எல்லாம் பேனை நிக்காமல் எழுதினன். கடைசியாக் காணேக்க போட்டிருந்த உடுப்பு எண்டு ஒரு கட்டம். அதில நிண்டுபோனன். எனக்குத் தெரியேல்லை பிள்ளை. அப்பா, ரியூசனுக்குப் போட்டு வாறன் எண்டான். ஓம் எண்டன். நான் பேப்பர் வாசிச்சுக்கொண்டிருந்தனான். நிமிந்து பாக்கேல்லை. என்ர பிள்ளை வாசலால போறான், நான் நிமிந்து பாக்கேல்லை. தாய்க்குத் தெரிஞ்சிருக்கும், அவளும் இல்லை. ரெண்டு நாள் அந்தக் கட்டத்தைப் பாத்துக்கொண்டு இருந்தன்.

முந்தநாள் நெஸ்டா பால் வாங்க வந்தா. மகள்ர கவிதை உங்களிட்ட இருக்குத்தானே, அதில என்ன இருக்கு எண்டு ஒருக்கா இங்கிலீசில சொல்லுங்கோ எண்டு கேட்டன். அவ பையைத் திறந்தா, உள்ளயே வச்சிருக்கிறா. கண்ணாடியைப் போட்டு, வரி வரியா, கவுண்டரில சாஞ்சு நிண்டு சொல்லுறா. பின்னால ரெண்டு பேர் சாமானோட நிக்கினம், அவையும் நிண்டு கேக்கினம். நடுவில ஒரு இடம் வந்துது. நீலக்கோடு போட்ட சேட்டு. மூண்டாவது பொத்தான் மட்டும் வெள்ளை இல்லை, சிவப்பு. அம்மா தன்ர சட்டையில இருந்து வெட்டித் தைச்சது. சிவப்புப் பொத்தானோட எப்பிடி அம்மா வெளிய போறது எண்டு சண்டை பிடிச்சுப்போட்டு, கடைசியில அதையே போட்டுக்கொண்டு போனவனாம்.

வேல்ஸ்காரி ஒருத்தி என்ர கடையில நிண்டு என்ர மகன் போட்டிருந்த சேட்டை எனக்குச் சொல்லுறா. உங்களுக்கு ஞாபகம் இருக்கோ றட்ணா எண்டு கேட்டா. இருக்காமலோ, தகப்பன் எல்லோ, சும்மா ஒத்துப்பாக்கத்தான் கேட்டனான் எண்டன். அவ என்ர கையைத் தட்டிப்போட்டுப் பாலை எடுத்துக்கொண்டு போனா.

அந்தக் கட்டத்தில எழுதிட்டன். நீலக்கோடு, சிவப்புப் பொத்தான். மகளுக்கு இன்னும் சொல்லேல்லை. போனை எடுத்தால்தானே சொல்லுறது.

இந்தா, இதுதான் அந்த ஃபோம். பாருங்கோ, நனையாமல் பிடியுங்கோ. எல்லாம் நிரப்பிட்டன், கையெழுத்து மட்டும் வைக்கேல்லை. இப்ப அந்த அலுவலகத்துக்குத்தான் போறன். அங்க போய், அந்த ஆக்களுக்கு முன்னால, எத்தினை பிள்ளையள் எண்டு ஆரும் கேட்டால் என்ர வாய் என்ன சொல்லும் எண்டு எனக்கே நம்பிக்கை இல்லை. அதுக்கு முதல் இதில வச்சிட்டால் பிறகு மாத்தேலாது. உங்களிட்டப் பேனை இருக்கோ? நல்லது. அடுத்த ஸ்ரொப்பில பஸ் நிக்கும், அப்ப வைச்சால் எழுத்து ஆடாது.

தகப்பன் எண்டு போட்டிருக்கிறது இந்த இடம்தானே? இதை இப்பிடி இறுக்கிப் பிடியுங்கோ, பிள்ளை.